ஏழு கேள்விக்கும் ஆமாம் சொன்னவர்

காயில்காரருக்குச் சோறு போட்டது காதுதான். யாராவது பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவருடைய ரிப்பேர் கடைக்குள் காலெடுத்து வைத்தால், "ஓட்டிக் காட்டு" என்பார். ஒரு சுற்று ஓடினால் போதும். பேரிங் தேய்ந்திருக்கிறதா, புஷ் போய்விட்டதா, உள்ளே காயில் கருகிக்கொண்டிருக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். மூடியைக் கழற்றினால் அவர் சொன்னதுதான் இருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபத்தாறு வருஷமாகச் செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி வலது ஆள்காட்டி விரலில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. ஆபீஸ்களில் விரலை வைக்கச் சொன்னால் மெஷின் அவரை ஆளென்றே ஒத்துக்கொள்ளாது. "நான் பொறந்ததுக்கே சாட்சி இல்லப்பா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போதும் வாயோரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். கழற்றிய ஸ்க்ரூவைத் தொலைக்காமலிருக்க உதட்டில் கவ்விக்கொள்வது பழக்கம். ஸ்க்ரூ இல்லாத நாளிலும் வாய் ஒரு பக்கம் கோணித்தான் இருக்கும்.

கடை ஒரு ஷட்டர் அகலம். அதற்குப் பின்னால் ஒரு அறையும் சமையற்கட்டும். அறையில் அவர் மனைவி ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பாள். முன்னால் வார்னிஷ் நாற்றம், பின்னால் புதுத் துணி வாசனை. இரண்டுக்கும் நடுவே, கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் பிறந்த பெண் குழந்தை.

குழந்தை எட்டாவது மாதத்தில் டேபிள் ஃபேனைப் பார்த்து இரண்டு கையையும் படபடவென்று அடித்துக்கொண்டது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை துடித்தது. "பாரு, தும்பி மாதிரி" என்றார் காயில்காரர். அன்றிலிருந்து அவள் தும்பி. ரிஜிஸ்டரில் எழுதிய பெயர் ரிஜிஸ்டரிலேயே கிடந்தது.

நடக்க ஆரம்பித்ததும் தும்பி கடையே கதியென்று ஆகிவிட்டாள். வேலை முடிந்து சோதனைக்கு ஓடும் விசிறிக்கு எதிரே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசைய மாட்டாள். தொந்தரவில்லை, அழுகையில்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "முதலாளியம்மா சீட்ல உக்காந்தாச்சு போல. அண்ணே, இனிமே நீங்க சம்பளத்துக்குத்தான்" என்பார்.

"என் ரத்தம்டா" என்பார் காயில்காரர். அதைச் சொல்லும்போது மட்டும் ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்துவிடுவார்.

முதல் பிறந்த நாளின்போது குழந்தைக்கு நான்கைந்து வார்த்தை இருந்தது. ப்பா, ம்மா, தா, பூ. ஒன்றரை வயதில் அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எந்த நாளில் எது போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இவ அம்மான்னு சொல்லி எத்தனை நாளாச்சு?"

"நேத்து சொன்னாளே."

"நேத்து சொல்லல. போன மாசமும் சொல்லல. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறா. காது கேக்கலையோ என்னவோ."

காதென்றதும் காயில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் தொழிலில் பிறந்த பிள்ளைக்கா காதில்லை? உடனே சோதித்தார். பேரிங் தேய்ந்துபோன சின்ன மோட்டாரை எடுத்து, தும்பிக்குத் தெரியாமல் மேஜைக்கு அடியில் வைத்துத் துணி போட்டு மூடி, மெதுவாக ஓட்டினார். கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் சத்தம். அறையின் அந்த மூலையில் இருந்த தும்பி எழுந்து நேராக வந்து, துணியை விலக்கி, காதை மோட்டாரின் மேல் வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்க. காது நம்பர் ஒன்."

"அப்ப நான் கூப்பிடறது மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"நீ நாள் பூராக் கூப்பிடற. நானே திரும்பறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் விஷயம் முடிந்தது. காயில்காரரைப் பொறுத்தவரை ஒரு சோதனையில் தேறிய சரக்கு தேறிய சரக்குதான். அவர் கடையில் ஒரு பல்பு தொங்கும். மோட்டாரின் இரண்டு முனையையும் அதோடு சேர்த்தால், பல்பு எரிந்தால் கம்பி அறுபடவில்லை என்று அர்த்தம். பல்பு எரிந்தும், வேலை செய்யச் சொன்னதும் படுத்துக்கொள்கிற மோட்டார் எத்தனையோ உண்டு. அவருக்கு அது தெரியாததல்ல. அன்று ஞாபகத்துக்கு வரவில்லை, வரவிடவில்லை.

இரண்டு வயது ஆனபோது சுகாதார நர்ஸம்மா வீடு வீடாக வந்தார். ஊசிக் கார்டைப் பார்த்து முடித்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஏழு கேள்விதான். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் பயமில்லை" என்றார். கடையில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வாயைத் திறப்பதற்குள் காயில்காரர் குனிந்த தலை நிமிராமல் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளா?"

"ஆமாம்."

"கண்ணைப் பாத்துச் சிரிக்கிறாளா?"

"ஆமாம்."

"வேணுங்கறதை விரல் நீட்டிக் காட்டுறாளா?"

"ஆமாம். தண்ணி வேணும்னா என் மணிக்கட்டைப் பிடிச்சுக் கொண்டுபோய் குடத்து மேல வச்சுடுவா."

"அது வேறங்க. விரலை நீட்டி, உங்க மூஞ்சியையும் பாத்து..."

"அதைத்தான் ஆமாங்கறேன்."

புதிதாக எதையாவது பார்த்தால் கொண்டுவந்து காட்டுகிறாளா? ஆமாம். பொம்மைக்கு ஊட்டுவது போல, போனில் பேசுவது போல விளையாடுகிறாளா? ஆமாம். மற்ற பிள்ளைகளைக் கண்டால் கிட்டே போகிறாளா? ஆமாம். முன்னே பேசிய வார்த்தையெல்லாம் இப்போதும் பேசுகிறாளா?

இது ஏழாவது கேள்வி. வாயிலிருந்த ஸ்க்ரூவை நாக்கால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினார்.

"ஆமாம்."

நர்ஸம்மா ஏழு டிக் போட்டார். தும்பியை ஒரு தரம் பார்த்தார். மரப்பெட்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "எதுக்கும் சந்தேகம்னா கூட்டிட்டு வாங்க" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஒன்றல்ல. கடையில் ஆட்கள் நின்றார்கள் என்பது ஒன்று. தாளில் ஒருமுறை எழுதிவிட்டால் அழியாது என்ற பயம் ஒன்று. திறந்து பார்க்காத வரை மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று அவரிடம் வரும் கஞ்சர்கள் சொல்வார்கள். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர்தான் இவர்.

நர்ஸம்மா போனபின் பின்னறையிலிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது. காயில்காரர் காதைத் தீட்டினார். ஊசி துணியில் இறங்குகிற சத்தம் அது இல்லை. துணியும் இல்லை, நூலும் இல்லை. வெறும் மெஷினை அவள் மிதித்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் மிதித்தாள். அவர் எழுந்து போகவில்லை.

பதிலுக்கு ஒரு காரியம் செய்தார். பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டாரை ஒரு பலகையில் பொருத்தி, பிளாஸ்டிக் இறக்கை மாட்டி, விரல் போகாதபடி வலை கட்டி, தும்பிக்கென்று ஒரு குட்டி விசிறி செய்து கொடுத்தார். அடாப்டரைப் பிளக்கில் சொருகிவிட்டால் போதும், பிள்ளை பத்திரம். அதற்குப் பின் ஒன்பது மாதம் தும்பி அதன் முன்னால்தான் வளர்ந்தாள். மனைவி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "மூணு வயசு முடியட்டும், எங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாராம்" என்பார். அவர் அப்பா எத்தனை வயதில் பேசினார் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வெயில் நாள் காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியது. காயில்காரர் ஒரு வாடிக்கைக்காரரின் மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கட்டி முடித்துத் திரும்பினால் மரப்பெட்டி காலி. குட்டி விசிறியின் இறக்கை நின்றிருந்தது.

பின்னறையில் இல்லை. சமையற்கட்டில் இல்லை. மாடியிலிருந்து இறங்கியவள், "உங்ககிட்டதான இருந்தா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தெருவுக்கு ஓடினாள்.

ஐந்து நிமிஷத்தில் தெரு கூடிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் டயரைப் போட்டுவிட்டு வந்தார். ஒரு கூட்டம் லாரி ஓடுகிற பெரிய ரோட்டுக்கு, ஒரு கூட்டம் வாய்க்கால் பக்கம். எல்லாத் திசையிலிருந்தும் "தும்பி, தும்பி" என்று குரல். காயில்காரருக்குக் கால் ஓடியது, மூளை ஓடவில்லை. சாக்கடை மூடிகளைக் குனிந்து பார்த்தார். நிற்கிற வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் கிரீஸ்.

"பயப்படாதீங்கண்ணே" என்றார் பஞ்சர் கடைக்காரர். "எங்க இருந்தாலும் பேரைக் கேட்டா வந்துடும். இன்னும் நல்லாக் கத்திக் கூப்பிடுங்கப்பா."

காயில்காரர் நின்றார்.

"கூப்பிடாதீங்க" என்றார். "அவ திரும்ப மாட்டா."

"என்னண்ணே சொல்றீங்க? காது கேக்காதா?"

"கேக்கும். திரும்ப மாட்டா. பேர் அவளுக்குத் தெரியாது. யார் கூப்பிட்டும் ஒரு நாளும் திரும்பினதில்ல."

மனைவி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் அதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். ஒன்பது மாதமாக அவள் சொன்னது, அவர் இல்லையென்றது, நடுத்தெருவில் பத்துப் பேர் முன்னால் அவர் வாயாலேயே வந்தது. அதற்கு இப்போது நேரமில்லை என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப எப்படித்தாங்க தேடறது?" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விசிறி நின்றுவிட்டது, அதனால் எழுந்து போயிருக்கிறாள். எங்கே போவாள்? சுற்றுகிற இன்னொன்றிடம். கரண்ட் இல்லாத தெருவில் எது சுற்றும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கூப்பாடு ஓய்ந்த இடைவெளியில், இரண்டு சந்து தள்ளி, ஐஸ் கம்பெனியின் ஜெனரேட்டர் ஓடுவது கேட்டது.

கேட்ட நொடியில் அதன் விசிறி வலை அவர் ஞாபகத்துக்கு வந்தது. போன வாரம்தான் அந்த ஜெனரேட்டரைக் கழற்றிக் காயில் கட்டிக் கொடுத்தார். திரும்ப மாட்டும்போது, அதைக் குளிர்விக்கிற பெரிய விசிறிக்கு முன்னாலிருக்கும் வலையின் இரண்டு போல்ட் துரு ஏறி முறிந்துவிட்டது. "அடுத்த வாரம் வந்து புதுசு போடறேன்" என்று ஒரு பக்கத்தைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டு வந்திருந்தார். பெரியவர்கள் யாரும் கை விட மாட்டார்கள். வலை திறந்து கிடந்தது, ஒரு குழந்தையின் நெஞ்சுயரத்தில்.

அவர் ஓடிய ஓட்டத்தைப் பஞ்சர் கடைக்காரர் இன்றைக்கும் சொல்வார். செருப்பு ஒன்று சந்து முனையில் கிடந்தது, இன்னொன்று கிடைக்கவேயில்லை.

ஐஸ் கம்பெனியின் பின்வாசல் கம்பிக் கேட் பூட்டியிருந்தது. காவலாளி டீசல் வாங்கப் போயிருந்தார். கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே தவழ்ந்து போயிருக்கிறாள். உள்ளே, பதினைந்தடி தள்ளி, தும்பி நின்றுகொண்டிருந்தாள். விசிறிக் காற்றில் முடி பின்னால் பறந்தது. இரண்டு கையும் படபடவென்று அடித்துக்கொண்டன. அடித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தாள்.

கூப்பிடாதீங்க என்று மற்றவர்களிடம் சொன்னவர்தான். இருந்தும் கூப்பிட்டார். கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, தொண்டை கிழிய, தும்பி, தும்பிம்மா, சாமி, கண்ணு, இங்க பாரு, அப்பாவைப் பாரு என்று தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லைதான். ஆனால் சத்தமே இல்லாமலிருந்தாலும் அவள் திரும்பியிருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். பொய் சொல்ல அங்கே நர்ஸம்மா இல்லை.

தும்பி இன்னும் ஓர் அடி வைத்தாள்.

கேட்டின் மேலே கூரான கம்பிகள். ஏறினார். இடது உள்ளங்கையில் ஒன்று இறங்கியதை அவர் பிறகுதான் பார்த்தார். அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, அவள் கை வலையின் ஓரத்தைத் தொட்டபோது பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்.

தும்பி வீறிட்டாள். பயத்தில் இல்லை. விசிறியிலிருந்து பிரித்ததற்காக. நெஞ்சில் உதைத்தாள், தலையைத் தலையை அவர் தாடையில் மோதினாள். இறுக்கி அணைத்தார், "அப்பாதான் கண்ணு, அப்பாதான்" என்றார். அவள் அவரை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, கண்ணீரோடு, அந்த விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காயில்காரர் சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி கம்பியைப் பிடித்து நின்றாள். நடுவில் பூட்டு. காவலாளி சாவியோடு வரும் வரைக்கும் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் கையில் கட்டோடு, அன்று சாயங்காலமே போய் நர்ஸம்மாவிடம் எழுதி வாங்கிய சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரம்மா நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து தும்பியோடு ஒரு மணி நேரம் இருந்தார். ஒரு பொம்மைக் காரைக் கொடுத்தார். தும்பி அதைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினாள். சோப்புக் குமிழி ஊதிக் காட்டினார். தும்பி கையை அடித்துக்கொண்டாள், ஊதியவரைப் பார்க்கவில்லை. பிறகு கேள்விகள் வந்தன. ஏறக்குறைய அதே ஏழு.

"இவர் சொல்லட்டும்" என்றாள் மனைவி.

இல்லை என்றார் காயில்காரர். இல்லை. இல்லை. ஏழாவதுக்கு, "இருந்துச்சு. போயிடுச்சு" என்றார்.

"வீட்ல என்னன்னு கூப்பிடுவீங்க?"

"தும்பி."

"நல்லாருக்கே. ஏன் அந்தப் பேரு?"

அவர் கையை உயர்த்தி அடித்துக் காட்டப் போனார். பாதியில் கை நின்றது. எட்டாவது மாதத்தில் பிள்ளை காட்டியதை எடுத்து அவர்களே அவளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறார்கள். கையைக் கீழே வைத்துக்கொண்டார்.

"கையடிக்கிறதை மட்டும் வச்சு எதுவும் சொல்லிட முடியாதுங்க. எல்லாக் குழந்தையும் அந்த வயசுல அடிக்கும்" என்றார் டாக்டரம்மா. "எல்லாத்தையும் சேத்துப் பாக்கும்போது இது ஆட்டிசம். மூளை வளந்த விதம் அப்படி. ஊசியால வரல. விசிறியால வரல. அம்மா தைக்க உக்காந்ததால வரல."

கடைசி வார்த்தைக்கு மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதை அவளிடம் எத்தனை பேர் சொல்லியிருந்தார்களோ.

"சரியாயிடுமா?"

"மருந்து கொடுத்து எடுக்கற விஷயமில்ல. பழக்கினா நிறையக் கத்துக்குவா. எவ்வளவுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது."

"ஒம்பது மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். அதற்குப் பின்னும் ஏதோ ஆறுதலாகச் சொன்னார். காயில்காரர் காதில் அது ஏறவில்லை.

பயிற்சிக்கு இடம் கிடைக்க நான்கு மாதம் ஆகும். அதுவரை வீட்டில் செய்ய ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். விசிறியைப் பிடுங்காதீர்கள். அதன் பக்கத்திலேயே, அவள் கண்ணுக்கு நேராக உங்கள் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். விசிறியை நிறுத்துங்கள். காத்திருங்கள். அவள் உங்களை ஒரு கணம் பார்த்தால் உடனே சுற்ற விடுங்கள். ரொம்ப அழுதால் விட்டுவிடுங்கள், பிறகு பார்க்கலாம்.

ஐஸ் கம்பெனி வலைக்குப் புது போல்ட் போட்டுவிட்டு வந்து அன்று மாலையே ஆரம்பித்தார். கடைத் தரையில் வயிறு படியக் குப்புறப் படுத்து, குட்டி விசிறியோடு தாடையை ஒட்டி வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைப்பார். தும்பி அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஸ்பேனரை எடுப்பது போல எடுத்து, சுவிட்சின் மேல் வைப்பாள். கையைப் பார்ப்பாள். முகம் என்று ஒன்று அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவர் காத்திருப்பார். அவள் அழுவாள். விட்டுவிடுவார்.

"அண்ணே, தரையில படுத்து யாருக்கு உடம்பு பிடிச்சு விடறீங்க?" என்று முதல் நாள் கேட்ட பஞ்சர் கடைக்காரர், மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. காத்திருக்கிற வாடிக்கைக்காரர்களைத் தன் கடையில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஒரு நாளைக்கு இருபது தரம். ஒரு வாரம், இரண்டு வாரம். சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுவார். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காதென்று நினைத்துக்கொள்வார்.

இருபத்து மூன்றாம் நாள். மும்முரமான வேலைக்கு நடுவே, வாயில் ஸ்க்ரூவோடேயே வந்து படுத்தார். சுவிட்சை அணைத்தார். இறக்கை நின்றது. தும்பி மணிக்கட்டைப் பிடித்தாள், வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது, அழப் போகிறாள். ஸ்க்ரூ மேல் வெளிச்சம் பட்டு மினுங்கியது போல. அவள் கண் மேலே வந்தது. நின்றது. காயில்காரர் மூச்சை விடவில்லை. ஒன்று, ஒன்றரை எண்ணுவதற்குள் போய்விட்டது. சுவிட்சைத் தட்டினார். இறக்கை சுற்றியது, கைகள் படபடத்தன.

பின்னறையில் மெஷின் நின்றிருந்தது. மனைவி கதவருகே வந்திருந்தாள்.

"பாத்தாளா?"

"ஸ்க்ரூவைப் பாத்தா" என்றார், ஸ்க்ரூவை எடுக்காமலே.

"அது உங்க மூஞ்சியிலதான இருக்கு?"

கட்டுப் பிரித்த கையால் கண்ணைத் துடைத்தார். வார்னிஷ் பட்டு இன்னும் எரிந்தது. தாடையைத் திரும்ப விசிறிக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்தார்.